அப்பா செய்த மாடல் விமானங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக (விமானத்தின் உடற்கூட்டைப் பராமரிப்பவர்) இருந்த என் அப்பா அண்மையில் காலமானார். ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த பிளாஸ்டிக் மாடல் விமானங்கள் ஷோகேஸில் தூசி படிந்து நிற்கின்றன. துடைத்துப் புதிதாக பெயின்ட் அடிக்கலாமா? (வாசகி, சூலூர்)

பதில்: துடையுங்கள். பெயின்ட் மட்டும் வேண்டவே வேண்டாம். உங்கள் அப்பாவின் கை ஓடிய தடம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது.

எதையும் நகர்த்துமுன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். தூக்கும்போது உடல்பகுதியைப் பிடியுங்கள். இறக்கையைப் பிடித்தால் வறண்டுபோன பழைய பசை விட்டுவிடும். கீழே வெள்ளைத் துணி விரித்தால், உதிரும் ஆன்டெனாவும் சக்கரக் கதவும் தொலையாது. மிருதுவான மேக்கப் பிரஷ்ஷால் மூக்கிலிருந்து வால் பக்கமாகத் தூசியைத் தள்ளுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த காட்டன் பட்ஸை அதன்மேல் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். எண்களும் வட்டச் சின்னங்களும் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டிய டெக்கால்கள். மேலே வார்னிஷ் இல்லையென்றால் ஈரம் பட்டதும் ஓரம் கிளம்பும்.

தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் மூன்றும் மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். பலருக்குத் தெரியாத எதிரி அந்துருண்டை: அதன் ஆவியே பிளாஸ்டிக்கை இளக்கும். ஷோகேஸில் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். சில பழைய கிட்டுகளில் (மாடல் செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வரும் மெத்தென்ற கறுப்பு வினைல் டயர்களையும் பாருங்கள். அவற்றிலிருந்து கசியும் பொருள் சக்கரத்தின் நடுப்பகுதியை உருக்கும். கழன்று வருவதைத் தனி உறையில் போட்டு, எந்த விமானத்தினுடையது என்று எழுதுங்கள்.

கேள்வி: காக்பிட் கண்ணாடி கழன்றுவிட்டது. ஃபெவிக்விக் போடலாமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: கூடாது. அதன் ஆவி படிந்து கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். வெள்ளை ஃபெவிகாலைப் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டு ஓரத்தில் நாலைந்து புள்ளி வையுங்கள். ஓர் இரவு காய்ந்தால் நிறமில்லாமல் போகும்.

கேள்வி: விமானப்படையில் இருந்த தாத்தா எந்தெந்த விமானங்களில் வேலை செய்தார் என்பதை மாடல்களைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: துப்பு கிடைக்கும், சாட்சியாகாது. மாடலில் உள்ள வரிசை எண் எந்த ஆங்கில எழுத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். போர் விமானங்களில் நாட் என்றால் ஐஇ (IE) அல்லது இ (E), ஹன்டர் என்றால் பிஏ (BA), மிக்-21 என்றால் சி (C). 72-இல் ஒரு பங்கு அளவில் நாட் சுமார் 12 செ.மீ. நீளம் இருக்கும். ஆனால் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் நாட் ஓட்டிப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செகானின் நினைவாகவே பலர் அந்த விமானத்தைச் செய்கிறார்கள். ஆகவே தாத்தாவின் பணி விவரம் உள்ள டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள், எந்த ஊரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது என்பது அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். மெடல்களும் உதவும்: பூர்வி ஸ்டார் என்றால் 1971 போரின் கிழக்கு முனை, பஷ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. மெடலைப் பிராசோ என்ற உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்த்தால் பொறித்த எழுத்து மழுங்கும்.

கிடைத்த விவரத்தைச் சிறு அட்டையில் பென்சிலால் எழுதி மாடலின் அருகே வையுங்கள், மாடல்மேல் ஒட்டாதீர்கள். பாதியில் நிற்கும் கிட்டை முடிக்க நினைத்தால், அதே கிட் புதிதாக ஒன்று வாங்கிச் செய்யுங்கள். தாத்தா விட்டது பெட்டி, குறிப்புத்தாளோடு அப்படியே இருக்கட்டும்.