‘அங்கிள், தட்டிடுங்க!’: நாற்பதுக்கு மேல் ஜியு-ஜிட்சு

ஜியு-ஜிட்சு என்பது தரையில் உருண்டு, பிடித்து, பூட்டுப் போட்டு எதிராளியைத் தோற்றேன் என்று ஒத்துக்கொள்ள வைக்கிற தற்காப்புக் கலை. அதில் 44 வயதில் வெள்ளை பெல்ட் கட்டிக்கொண்டு இறங்கியவன் நான். இப்போது 53, பர்ப்பிள் பெல்ட் (வெள்ளை, ப்ளூ, பர்ப்பிள், பிரவுன், பிளாக் என்ற வரிசையில் மூன்றாவது), வாரத்தில் இரண்டு நாள் என்னைப் போலவே நரைத்த தலைகளுக்கு ஆரம்பப் பாடம் எடுக்கிறேன். வந்து குவிந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருக்கிறார்கள்: இந்த உடம்பு தாங்குமா? நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

வயது 47, ஐ.டி. வேலை. காலேஜில் கபடி ஆடியதோடு சரி. இப்போது போய்ச் சேர்ந்தால் சிரிப்பார்களா? (சோழிங்கநல்லூர்)

‘கபடி ஆடியதோடு சரி’ என்று தள்ளிவிட்டீர்களே, அதுதான் உங்கள் கையிருப்பு. காலைப் பிடித்தால் ஆள் எந்தப் பக்கம் சாய்வான் என்பது உங்கள் உடம்புக்கு ஏற்கெனவே தெரியும். கூடவே ஒரு கெட்ட பழக்கமும் வரும். கபடியில் முப்பது நொடி ரைடு, இருக்கிற பலத்தையெல்லாம் கொட்டிவிட்டுக் கோட்டைத் தொட்டுவிடலாம். இங்கே ஒரு சுற்று பெரும்பாலும் ஐந்து நிமிஷம். முதல் நிமிஷத்திலேயே கொட்டித் தீர்த்தவர் மீதி நாலு நிமிஷம் அடியில் கிடந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

சிரிக்க யாருக்கும் நேரம் இருக்காது, அவரவர் மூச்சு அவரவர்க்கு. முதல் மாதம் நீங்கள் கற்கப்போவது விழுவது எப்படி, எழுவது எப்படி, மல்லாந்து படுத்தபடி இடுப்பை வெடுக்கென்று பின்னால் தள்ளி நகர்வது எப்படி என்பதுதான். இந்தக் கடைசி அசைவுக்கு ‘ஷ்ரிம்ப்’ என்றே பெயர், காசிமேட்டுக் கூடையில் துள்ளுகிற இறாலை நினைத்துக்கொள்ளுங்கள். பார்க்கக் கேவலமாக இருக்கும், ஆனால் மேலே ஏறி உட்கார்ந்தவனிடம் இருந்து தப்பிக்கிற பாதி வித்தை அதில்தான் இருக்கிறது.

வயதைப் பற்றி ஒன்று. ஜப்பானிய ஜூடோக்காரர் மிட்சுயோ மயேடா 1914 இல் பிரேசிலுக்குப் போனார், அவரிடம் கற்றவர் கார்லோஸ் கிரேசி. அவருடைய தம்பி ஹீலியோ ஒல்லி உடம்புக்காரர். இந்தக் கலை அவர் கைக்கு வந்தபோது பலத்தைவிட நெம்புகோலும் நேரமும் முக்கியமாகின. ஹீலியோ 95 வயதுவரை வாழ்ந்தார், தள்ளாத வயதிலும் மேட்டை, அதாவது பயிற்சி விரிப்பை, விடவில்லை. உலகம் சுற்றிச் சாப்பிட்ட சமையல்காரர் ஆண்டனி போர்டெய்ன் தொடங்கியதே ஐம்பத்தைந்து தாண்டிய பிறகுதான். 2016 இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் ப்ளூ பெல்ட், 50 தாண்டியவர்கள் பிரிவில் தங்கம் வாங்கினார்.

சேருவதற்கு முன்னால் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து முழுசாகப் பாருங்கள். நரைத்த தலை இரண்டாவது தென்படுகிறதா, ‘இந்த ரவுண்டு வேண்டாம் கோச்’ என்று ஒருவர் ஒதுங்கினால் கோச் என்ன முகம் காட்டுகிறார், புதிதாக வந்தவரை யாரோடு ஜோடி சேர்க்கிறார், இந்த மூன்றும் போதும். சுவரில் தொங்குகிற மெடலை எண்ணாதீர்கள். வருஷக் கட்டணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், முதல் மூன்று மாதம் மாதாமாதமே கட்டுங்கள்.

எனக்கு 50. பையன்கள் எல்லாரும் ‘அங்கிள்’ என்கிறார்கள். ஒன்று, கண்ணாடிப் பாத்திரம் மாதிரி தொடப் பயப்படுகிறார்கள், இல்லையென்றால் மேலே விழுந்து நசுக்குகிறார்கள். கோச்சுக்கே 27 வயதுதான், அவரை என்னவென்று கூப்பிடுவது? (வளசரவாக்கம்)

கடைசியில் இருந்து வருகிறேன். ‘கோச்’ அல்லது ‘மாஸ்டர்’. மேட்டுக்கு வெளியே டீக்கடையில் ‘தம்பி’ என்றால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், உள்ளே வேண்டாம். ‘அங்கிள்’ பட்டத்தில் இருந்து சென்னையில் யாருக்கும் விடுதலை கிடையாது. ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் ‘அண்ணா’ ஆக வாய்ப்பு உண்டு.

நசுக்கும் விஷயம்தான் முக்கியமானது. நம் வயதுக்காரருக்கு மேட்டில் ஆபத்தான ஆள் பிளாக் பெல்ட் கிடையாது. அவர் உங்களைப் பஞ்சு மாதிரி சுருட்டிவைத்துவிட்டு, எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். ஆபத்து, சேர்ந்து மூன்று மாதம் ஆன 22 வயது வெள்ளை பெல்ட். அவனுக்குப் பலம் இருக்கிறது, பயம் இருக்கிறது, பிரேக் இன்னும் பொருத்தவில்லை. அதனால் ஜோடியை நீங்களே தேர்ந்தெடுங்கள்: உங்கள் எடைக்குப் பக்கத்தில் இருக்கிற, ப்ளூவுக்கு மேலே உள்ள ஒருவர். கை குலுக்கும்போதே ‘தம்பி, மெதுவா போலாம், வலது தோள் சரியில்லை’ என்று சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் முரட்டுத்தனம் பண்ணினால் அடுத்த முறை ‘இன்னைக்கு வேண்டாம்பா’, அவ்வளவுதான். காரணம் சொல்ல வேண்டிய கடன் யாருக்கும் இல்லை.

அப்புறம், தட்டுவது. மாட்டிக்கொண்டால் எதிராளியின் உடம்பில் இரண்டு மூன்று முறை கையால் தட்ட வேண்டும், கை சிக்கியிருந்தால் வாயால் ‘டேப்’ என்று சொல்ல வேண்டும், அவன் அந்த நொடியே விட வேண்டும். மொத்த ஆட்டமும் இந்த ஒரு ஒப்பந்தத்தின் மேல்தான் நிற்கிறது. என் மூன்றாவது மாதத்தில் ஒரு காலேஜ் பையன் முழங்காலை என் நெஞ்சுக்கூட்டில் ஊன்றி அழுத்தினான். ‘அங்கிள், தட்டிடுங்க!’ என்று அவனே சொன்னான். பையனுக்கு அந்த அளவு நிதானம் இருந்தது, எனக்குத்தான் இல்லை. மீசை மண்ணில் ஒட்டக்கூடாதாம். இடது விலாவில் காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அடுத்த ஆறு வாரம் தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வேளச்சேரியில் இருந்து கிண்டி வரைக்கும் ஒரு ஸ்பீட் பிரேக்கர் விடாமல் என் விலா எண்ணிச் சொன்னது.

1951 இல் ரியோவில் ஹீலியோ கிரேசி ஜப்பானின் மசாஹிகோ கிமுராவிடம் தோள்பூட்டில் மாட்டிக்கொண்டார். தட்டவே இல்லை, ஓரத்தில் இருந்த அண்ணன் துண்டை வீசித்தான் ஆட்டம் நின்றது. அந்தப் பூட்டுக்கு இன்றைக்கும் ‘கிமுரா’ என்றே பெயர். அவர் ஹீலியோ கிரேசி, தட்டாமல் இருக்கலாம். நமக்குத் திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கிறது. பூட்டு வலிக்கும்வரை காத்திருக்காமல், பூட்டு விழுந்துவிட்டது என்று தெரிந்ததுமே தட்டுங்கள். கழுத்தைச் சுற்றிக் கை வந்தால் இன்னும் சீக்கிரம், ரத்தக் குழாயை அழுத்துகிற சோக் (கழுத்து நெரிப்பு) சரியாக விழுந்தால் பத்து நொடிக்குள் நினைவு தப்பிவிடும். குதிகாலைத் திருகும் ஹீல் ஹூக்கில் வலி தெரிவதற்கு முன்பே முழங்கால் போய்விடும், அதை ஜியு-ஜிட்சுவின் சர்வதேச சம்மேளனம் கி (தடித்த சட்டையும் பேன்ட்டும் கொண்ட பயிற்சி உடை) அணிந்த போட்டிகளில் எந்த பெல்ட்டுக்கும் அனுமதிப்பதில்லை. ‘எனக்கு ஹீல் ஹூக் வேண்டாம்’ என்று முதல் நாளே சொல்லிவையுங்கள்.

58 வயது. பத்து வருஷமாக சுகர், பி.பி.க்கும் மாத்திரை. டாக்டர் ‘வாக்கிங் போதும் சார்’ என்கிறார். (பெரம்பூர்)

டாக்டரிடம் ‘தற்காப்புக் கலை’ என்று சொல்லியிருப்பீர்கள், அவர் ஓடு உடைக்கிற கராத்தேவைக் கற்பனை பண்ணியிருப்பார். அடுத்த முறை போகும்போது ஒரு ஆரம்ப வகுப்பின் வீடியோவை போனில் காட்டுங்கள். அப்புறம் நான்கு விஷயம் கேளுங்கள், பொத்தாம்பொதுவாக ‘செய்யலாமா’ என்று கேட்காதீர்கள்.

முதலில் இதயம், டிரெட்மில் டெஸ்ட் தேவையா என்று அவர் சொல்லட்டும். இரண்டாவது கண். சுகரால் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் மூச்சைப் பிடித்து முக்குகிற எந்த வேலையும் ஆகாது, அதனால் விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் மேட்டில் கால் வைக்காதீர்கள். மூன்றாவது பாதம். நாம் வெறுங்காலோடு ஆடுகிறோம், பாதத்தில் மரத்துப்போன இடம் இருந்தால் காயம் பட்டதே தெரியாது. வீட்டுக்குப் போனதும் விரலிடுக்கு முதல் குதிகால் வரை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நான்காவது மாத்திரை. இன்சுலினும் சில சுகர் மாத்திரைகளும் உடற்பயிற்சியின்போது சுகரைச் சட்டென்று இறக்கிவிடும், பி.பி.க்குச் சாப்பிடுவது பீட்டா பிளாக்கர் வகை என்றால் சுகர் இறங்கும்போது வருகிற படபடப்பையே அது மறைத்துவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் நான் சேர்க்கவே மாட்டேன், டாக்டர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்.

எல்லாம் சரியென்றால் வாருங்கள். வகுப்புக்கு முன் சுகர் பாருங்கள், பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும், பக்கத்தில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்கட்டும். ஆடும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், பிடித்தால் பி.பி. ஏறும், சத்தம் வருகிற மாதிரி வெளியே விடுங்கள். எங்கள் வகுப்பில் ஒருவர் உஸ் உஸ் என்று குக்கர் மாதிரி விடுவார், எனக்கு அவரைப் பற்றிக் கவலையே இல்லை.

சம்மணம் போட்டால் எழுந்திருக்க முடியவில்லை. முழங்காலுக்கு இது ஆகுமா? (ஆவடி)

முதலில் பிசியோவிடம் மூன்று மாதம். எழுந்திருக்க முடிகிற நாளில் எனக்கு எழுதுங்கள்.

51 வயது. மகள் கற்கிறாள், எனக்கும் ஆசை. மாதவிடாய் நின்று இரண்டு வருஷம் ஆகிறது, எலும்பு பற்றிப் பயம். ஆண்களோடு உருள வேண்டியிருக்குமே என்ற கூச்சமும் இருக்கிறது. (அண்ணா நகர்)

எலும்புக்கு டெக்ஸா ஸ்கேன் ஒன்று எடுத்துவிடுங்கள். தேய்மானம் அதிகம் என்றால் தூக்கிப் போடுகிற பயிற்சியை விட்டுவிட்டு தரையிலேயே தொடங்கலாம், கூடவே வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி. ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் வயதுப் பெண்களுக்கு இதில் கிடைக்கிற பெரிய லாபம் விழக் கற்பதுதான். பாத்ரூமில் வழுக்கினால் கையை ஊன்றித்தான் மணிக்கட்டு போகிறது. முகவாயை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையைப் பக்கவாட்டில் அறைந்து விழுவதைத் தினமும் இருபது முறை செய்தால் அது உடம்பிலேயே ஏறிவிடும்.

கூச்சம் நியாயமானது. பெண்களுக்குத் தனி பேட்ச் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் ‘நான் பெண்களோடு மட்டும்தான் பயிற்சி செய்வேன்’ என்று முதல் நாளே கோச்சிடம் சொல்லுங்கள். முகம் சுளிக்கிற இடம் உங்களுக்கான இடம் இல்லை, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். கி சட்டைக்கு உள்ளே முழுக்கை ரேஷ்கார்டு (உடம்போடு ஒட்டிய பனியன்) போட்டால் சட்டை விலகும் என்ற கவலை இருக்காது. வளையல், மூக்குத்தி, மெட்டி எல்லாம் கழற்ற வேண்டும், மெட்டி மாட்டி விரல் பிசகியதைப் பார்த்திருக்கிறேன். தாலிச் சங்கிலி சங்கடமான பேச்சுதான், ஆனாலும் கழுத்தில் எது இருந்தாலும் அனுமதிக்க மாட்டேன். பையில் சின்ன ஜிப் அறை ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மகளோடு ஜோடி சேராதீர்கள். ஒரு அம்மாவும் பெண்ணும் வந்தார்கள். பெண் அம்மாவின் மேல் ஏறி உட்கார்ந்து கையை மடக்கிக்கொண்டிருக்கிறாள், அம்மா அடியில் இருந்தபடியே ‘காலைல குடிச்ச டம்ளர கழுவினியாடி?’ என்கிறார். பிடி அங்கேயே விட்டுப்போனது.

செயின் பறிப்பவர்களைச் சமாளிக்க இது உதவுமா? (கே.கே. நகர்)

உதவாது. பைக்கில் வருகிறவன் இரண்டு நொடியில் போய்விடுவான், அவனைப் பிடித்துத் தார் ரோட்டில் உருண்டால் அடிபடுவது நீங்கள்தான். கத்தி இருந்தால் இன்னும் மோசம். ஒருவன் உங்களைக் கீழே தள்ளி மேலே அமுக்கிப் பிடித்தால் பதறாமல் மூச்சு விட்டு, விலகி, எழுந்து ஓட இது நன்றாக உதவும். விற்கிறவர்கள் அதற்கு மேலும் சொல்வார்கள்.

ப்ளூ பெல்ட் எப்போது கிடைக்கும்? (தாம்பரம்)

ஒழுங்காக வருகிற இளசுகளுக்கு ஒன்றரை, இரண்டு வருஷம். நமக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மூன்றரை ஆனது, விலாவையும் சேர்த்து. போட்டி ஆசை இருந்தால் சம்மேளனத்தில் மாஸ்டர்ஸ் பிரிவு 30 இல் தொடங்கி 36, 41, 46, 51, 56, 61 என்று போகிறது, உங்கள் வயதுக்காரரோடுதான் மோதுவீர்கள்.

‘இந்த வயசுல இது தேவையா?’ என்று வீட்டில் கேட்கிறார்கள். (மயிலாப்பூர்)

எல்லார் வீட்டிலும் கேட்கிறார்கள். கையில் இருக்கிற நீலத் தழும்பை முழுக்கைச் சட்டையால் மறைக்காதீர்கள், மறைத்தால்தான் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். வழியே மாமல்லபுரம் கூட்டிப்போய், இந்த ஊர்ப் பெயரே நரசிம்மவர்மனின் ‘மாமல்லன்’ பட்டம்தான், மல்யுத்தக்காரன் பெயர் என்று சொல்லிப் பாருங்கள். விவாதத்தில் ஜெயிக்க மாட்டீர்கள், சுண்டலாவது சாப்பிடலாம்.

ஐப்பசி மழையில் கி காய்வதே இல்லை, நாற்றம் தாங்கவில்லை. தொடையில் வட்டமாக அரிப்பும் வந்திருக்கிறது. (பெருங்குடி)

இரண்டு கி வேண்டும், அதுவும் கனம் குறைந்த துணியாக வாங்குங்கள். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கம்பளி மாதிரி தடித்ததை வாங்கிவிட்டுப் பலர் அழுகிறார்கள். வகுப்பு முடிந்ததும் பையில் போட்டு மூடிவைக்காமல் அன்று ராத்திரியே துவையுங்கள், வெந்நீர் வேண்டாம், சுருங்கிவிடும். அலசும்போது அரை கப் வினிகர் விட்டால் நாற்றம் குறையும். மெஷினில் இரண்டு முறை பிழியவிட்டு, ஃபேனுக்கு நேர் கீழே, சட்டையின் கக்கத்தை வெளிப்பக்கம் திருப்பி ஹேங்கரில் போடுங்கள். பெல்ட்டையும் துவைக்க வேண்டும். துவைத்தால் வித்தை கரைந்துவிடும் என்பது சோம்பேறிகள் கட்டிய கதை.

அரிப்பு படர்தாமரையாக இருக்கலாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற க்ரீம் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், இரண்டு நாளில் அரிப்பு அடங்கின மாதிரி இருந்துவிட்டு அப்புறம் இன்னும் பெரிதாகப் பரவும். தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொன்ன நாள் முழுக்க மருந்து போடுங்கள். கோச்சுக்கு இன்றைக்கே ஒரு மெசேஜ் தட்டிவிடுங்கள், டாக்டர் சரி என்று சொல்லும்வரை மேட்டுக்கு லீவு.