ஓட்டுப் போட ஊருக்குப் போகலாமா என்று கேட்ட மன்னார்குடித் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது இது: சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது, ஊர் மன்னார்குடி பக்கம், வோட்டர் கார்டு அம்மாவிடம் இருக்கிறது, இங்கிருந்தே ஓட்டுப் போட வழி உண்டா, இல்லையென்றால் லீவு போட்டுப் போவது தகுமா, 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போன யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான் போனேன். பதினேழு வருடமாக இங்கே இருக்கிறேன், பிஆர், அதாவது நிரந்தரவாசி ஆகிவிட்டது, பாஸ்போர்ட் மட்டும் இன்னும் இந்தியாதான். அதை மாற்றினால் ஓட்டு போச்சு, வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்தியருக்குத் தரும் ஓசிஐ கார்டு இருந்தாலும் கிடையாது.

இங்கிருந்து முடியாது. தபாலில் இல்லை, தூதரகத்தில் இல்லை, போனில் இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் மின்னணு முறையில் தபால் ஓட்டு கொடுக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2020-இல் மத்திய அரசுக்கு எழுதியது, அதோடு சரி. என்கூட வேலை பார்க்கும் இந்தோனேசியப் பெண் 2024 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே இருக்கும் அவர்கள் எம்பசிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வேலைக்கு வந்தாள். எனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

நமக்கு இருக்கிற வழி படிவம் 6ஏ. 2010-இல் சட்டத்தைத் திருத்தி, வெளிநாட்டில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமக்களும் பட்டியலில் பெயர் சேர்க்கலாம் என்று ஆக்கினார்கள். ஆன்லைனிலேயே போடலாம், பாஸ்போர்ட்டும் இங்கே வாங்கிய விசாவும் ஏற்ற வேண்டும், பாஸ்போர்ட்டில் இருக்கும் ஊர் முகவரிக்குத்தான் பதிவு ஆகும். தனியாக வோட்டர் கார்டு தரமாட்டார்கள், வாக்குச்சாவடிக்கு ஒரிஜினல் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். பழைய கார்டை வைத்துக்கொண்டு இதிலும் பெயர் போட்டு இரண்டு இடத்தில் இருக்காதீர்கள், அது குற்றம். 2024-இல் இந்தியா முழுவதும் இப்படிப் பதிந்தவர்கள் சுமார் 1.19 லட்சம் பேர், அவர்களில் வந்து ஓட்டுப் போட்டவர்கள் மூவாயிரத்துக்கும் கீழே. அதிலும் முக்கால்வாசிக்கு மேல் மலையாளிகள். நம் டெல்டாவிலிருந்து வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறோம், பட்டியலில் பார்த்தால் ஆளே இல்லை.

அப்புறம் ஒரு விஷயம், இது பலருக்கும் குழப்பம். உங்கள் மன்னார்குடி திருவாரூர் மாவட்டம், ஆனால் எம்பி ஓட்டு தஞ்சாவூர் தொகுதிக்கு. எனக்கு ஆடுதுறை பக்கம், தஞ்சாவூர் மாவட்டம், ஓட்டு மயிலாடுதுறைக்கு. கும்பகோணமும் பாபநாசமும் அப்படித்தான். மாவட்டத்தை வைத்துத் தேடினால் தப்பான வேட்பாளருக்காக இங்கே உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருப்பீர்கள். டோர்மில், அதான் தொழிலாளர் விடுதியில், இருக்கும் ஒரு பையன் வாரக்கணக்கில் அதைத்தான் செய்தான்.

சரி, பயணக் கதை. ஓட்டுப் பதிவு ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. நான் திருச்சியில் இறங்கியது புதன்கிழமை. கும்பகோணம் வருவதற்குள் தேர்தல் பறக்கும் படை காரை மறித்தது. ஐம்பதாயிரத்துக்கு மேல் ரொக்கம் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும், என்னிடம் அவ்வளவு இல்லை. இருந்தாலும் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அத்தைமார்களுக்கு வாங்கிய கோடாலித் தைலம் ஆறு பாட்டிலையும் பானெட்டில் வரிசையாக அடுக்கி, ஒருத்தர் வீடியோ எடுத்தார். வாக்காளர்களுக்குக் கொடுக்கவா என்று கேட்டார். அத்தைகளும் வாக்காளர்கள்தான், நான் வாயைத் திறக்கவில்லை.

ஊரில் அப்போது தேர்தலைவிடப் பெரிய பேச்சு சிறுத்தை. ஏப்ரல் முதல் வாரம் மயிலாடுதுறை டவுனுக்குள் ஒரு சிறுத்தை நடந்து போனது கேமராவில் பதிவாகி, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டு, அப்புறம் குத்தாலம் பக்கம் பார்த்தேன் என்று ஆளாளுக்குச் சொல்ல, ராத்திரிப் பிரச்சாரத்துக்கு எங்கள் தெருவில் கூட்டமே சேரவில்லை என்று அம்மா சொன்னார்.

நான் இங்கிருந்து கிளம்பும்போது மனதில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். 2023-இல் மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தார்கள், தண்ணீர் பற்றாமல் அக்டோபர் 10-ஆம் தேதியே மூடினார்கள், குறுவை எவ்வளவோ கருகிப் போனது. கர்நாடகாவில் இருப்பது காங்கிரஸ் ஆட்சி. காவிரியின் கடைமடை மயிலாடுதுறை, அங்கே திமுக கூட்டணியில் நிற்பதும் காங்கிரஸ், அதுவும் மனுத்தாக்கல் முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் வழக்கறிஞர் ஆர். சுதா என்று பெயரே அறிவித்தார்கள். தோற்கத்தான் போகிறார்கள் என்று லஞ்ச் டேபிளில் பந்தயமே கட்டியிருந்தேன்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு மூன்று மா நிலம், அந்த வருடக் குறுவை போனவர். உளுந்துச் செடியைக் களத்தில் புரட்டிக்கொண்டே, "அது அங்க இருக்கிற காங்கிரஸ், இது நம்ம கூட்டணி" என்றார், அவ்வளவுதான். எனக்குப் புரியவில்லை, மறுபடி கேட்டேன். "தண்ணி கோர்ட்டுல இருக்கு, ஓட்டு இங்க இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். 2018 காவிரித் தீர்ப்பில் நமக்கு வந்த 177.25 டிஎம்சி கணக்கை எனக்கு மனப்பாடமாகச் சொல்லத் தெரியும், அவருக்குத் தெரியாது, ஆனால் யார் ஜெயிப்பார் என்று அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

ஓட்டுப் போட நின்ற வரிசையிலும் காவிரி இல்லை. பெண்கள் வரிசையில் பேச்சு முழுக்க மாசம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை, யாருக்கு வருகிறது, யாருக்கு மனு தள்ளுபடி ஆனது, அவள் வீட்டில் டிராக்டர் இருக்கிறதே அவளுக்கு எப்படி வருகிறது என்று. நூறு நாள் வேலைக் கூலி பாக்கி அடுத்தது. ஆண்கள் வரிசையில் பாமக வேட்பாளர் ம.க. ஸ்டாலினை வைத்துச் சிரிப்பு, அவர் அப்போது எங்கள் ஆடுதுறைப் பேரூராட்சித் தலைவர். ஸ்டாலினுக்குப் போடு, ஆனா மாம்பழத்துல போடு என்று சொன்னால் பாட்டிமார்கள் எதைப் புரிந்துகொள்வார்கள்?

என் முறை வந்ததும் அதிகாரி கார்டு கேட்டார், பாஸ்போர்ட்டை நீட்டினேன், பட்டியலில் பெயரே இல்லை என்றார். வெளிநாட்டு வாக்காளர் பெயர் பட்டியலின் கடைசியில் தனியாக இருக்கும், அவர் அந்தப் பக்கத்தைப் புரட்டவே இல்லை. நான் சொல்லியும் நம்பவில்லை. ஏறக்குறைய இருபது நிமிடம் ஓரமாக நின்றேன். கடைசியில் எதிரெதிர்க் கட்சி பூத் ஏஜென்ட் இரண்டு பேரும் சேர்ந்து, இவர் மேலத்தெரு வாத்தியார் மகன் சார், கடைசிப் பக்கம் பாருங்க என்றார்கள். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர், என்னுடையது.

எண்ணிக்கை ஜூன் 4, நான் இங்கே திரும்பிவிட்டேன். ஊரில் எட்டு மணி என்றால் நமக்குப் பத்தரை, சாப்பாட்டு நேரத்துக்குள் முடிவு தெரிந்துவிட்டது. சுதா 2.71 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில். பந்தயத்துக்கு நாலு பேருக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். உங்கள் தஞ்சாவூரில் ஆறு முறை எம்பியாக இருந்த பழனிமாணிக்கத்தை விட்டுவிட்டுப் புதியவர் முரசொலிக்கு சீட் கொடுத்தார்கள், அவர் 3 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். நாகையில் கம்யூனிஸ்ட் வை. செல்வராஜ் 2 லட்சத்துக்கு மேல். அங்கே எம்பியாக இருந்த எம். செல்வராசு ஓட்டுப் பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவே மே மாதம் காலமானார், பாவம்.

அதிமுகவும் பாஜகவும் பிரிந்து நின்றதால்தான் என்று இங்கே டீக்கடையில் சொல்வார்கள். டெல்டாவுக்கு அது பொருந்தாது, கூட்டிப் பாருங்கள். மயிலாடுதுறையில் அதிமுகவுக்கு 2.47 லட்சம், பாஜக கூட்டணியில் நின்ற பாமகவுக்கு 1.66 லட்சம், இரண்டும் சேர்ந்தாலும் 4.13, சுதா வாங்கியது 5.18. தஞ்சையும் நாகையும் அதே கதைதான். நம் டோர்ம் பையன்கள் உயிரை விட்ட நாம் தமிழர் காளியம்மாளுக்கு 1.27 லட்சம், கரும்பு விவசாயி சின்னம் போய் மைக் வந்த வருடத்தில் அது சின்ன ஓட்டு இல்லை, ஆனால் வாட்ஸப்பைப் பார்த்தால் அவர்தான் எம்பி என்று தோன்றியது. 2024 ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை, ஜூலை 28 ஆனது. சித்தப்பா ஓட்டைப் பற்றி அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை.

உங்களுக்கு என்ன செய்யலாம்? பெர்மிட்டில் வந்து எட்டு மாதம்தான், ஏஜென்ட் கடன் இன்னும் இருக்கும். ஓட்டுக்காக மட்டும் டிக்கெட் போடாதீர்கள், எனக்கே ஓவர்டைம் காசு முழுக்கப் போனது. தங்கை கல்யாணம், காதுகுத்து ஏதாவது அந்தச் சமயம் வந்தால் சேர்த்துப் போங்கள். முடிவு வருகிற அன்று தேக்கா பக்கம் கொடி பிடிப்பது, கூட்டம் போட்டு கேக் வெட்டுவது எதுவும் வேண்டாம், வேற்று நாட்டு அரசியலை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதில் இவர்கள் கறார், பெர்மிட்டே போய்விடும்.

இன்று ராத்திரி பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை எடுத்து முகவரியைப் பாருங்கள். பலருக்கு அதில் எப்போதோ குடியிருந்த பழைய வாடகை வீடு இருக்கும். அப்படியென்றால் 6ஏ போடுவதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.