ரோடு டாக்ஸ் கட்டியாச்சு, அறிவித்த மேம்பாலம் எங்கே?

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் மேம்பாலம் வரும் என்று மூன்று வருடத்துக்கு முன்பு சட்டசபையில் அறிவித்தார்கள். பட்டாசெல்லாம் வெடித்தோம். இன்றுவரை வேலை தொடங்கவில்லை, கேட்டால் "ஃபண்ட் வரலை" என்கிறார்கள். புது பைக்குக்கு 12 சதவீதம் ரோடு டாக்ஸ் கட்டியவன் நான். அந்தப் பணம் எங்கே போகிறது? பாலத்துக்கு நிஜமாகவே பணம் ஒதுக்கினார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ரோடு டாக்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த வரிக்கும் ரோட்டுக்கும் சட்டப்படி எந்த முடிச்சும் கிடையாது. அது மோட்டார் வாகன வரி, அவ்வளவுதான். 2023 நவம்பரில் விகிதத்தை உயர்த்தியபோது, 1 லட்சத்துக்கு மேல் விலையுள்ள பைக்குகளுக்கு 12 சதவீதம் என்று ஆனது. நீங்கள் கட்டியதும், பத்திரப்பதிவில் வரும் முத்திரைத்தாள் கட்டணமும், ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கும், பெட்ரோல், மது மீதான வாட் வரியும் எல்லாம் அரசின் ஒரே தொகுப்பு நிதியில்தான் போய் விழுகின்றன. அதிலிருந்து சம்பளம், பென்ஷன், கடனுக்கு வட்டி, மானியங்கள் போகவே வருமானம் போதவில்லை. 2013-14 முதல் தமிழ்நாடு வருவாய்ப் பற்றாக்குறையில்தான் ஓடுகிறது. ஆகவே பாலம் மாதிரியான மூலதன வேலைகள் பெரும்பாலும் கடன் வாங்கித்தான் நடக்கின்றன. "நான் கட்டிய வரி எங்கே" என்று கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல வராது. "இந்தப் பாலத்துக்கு எந்தத் தேதியில், எந்த அரசாணையில், எவ்வளவு" என்று கேளுங்கள், பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இப்போது அந்த அறிவிப்புக்கு வருவோம். சட்டசபையில் அறிவிப்பது வேறு, பணம் ஒதுக்குவது வேறு. சட்டசபை நடைமுறை விதிகளில் 110 விதியின் கீழ் படிக்கப்படும் அறிக்கைமீது விவாதம்கூடக் கிடையாது. வாசித்தார்கள், மேசையைத் தட்டினார்கள், முடிந்தது. மானியக் கோரிக்கை, அதாவது ஒவ்வொரு துறையும் தன் செலவுக்குச் சட்டசபையிடம் பணம் கேட்கும் கோரிக்கை, அதன் விவாதத்தின் கடைசியில் அமைச்சர் படிக்கும் அறிவிப்புப் பட்டியலும் கிட்டத்தட்ட அதே ரகம்தான். அதனால் உங்கள் ஊர் அறிவிப்பின் வாசகத்தைத் தேடி எடுத்து ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். "மேம்பாலம் கட்ட விரிவான திட்ட அறிக்கை தயாரிக்கப்படும்" என்று இருந்தால், சொன்னது அந்த அறிக்கைக்கு மட்டும்தான், பாலத்துக்கு இல்லை. நிறைய ஊர்களில் பட்டாசு இந்த இடத்தில்தான் அவசரப்பட்டு வெடிக்கிறது!

அடுத்து பட்ஜெட் புத்தகம். நெடுஞ்சாலைத் துறைக்கு மானியக் கோரிக்கை எண் 21. அதில் 5054 என்ற கணக்குத் தலைப்பைப் பாருங்கள், சாலைகள், பாலங்களுக்கான மூலதனச் செலவு அதில்தான் வரும். (3054 என்றால் பராமரிப்பு வகையறா.) ஒவ்வொரு செலவு இனத்துக்கும் எதிரே, இரண்டு வருடத்துக்கு முன்பு உண்மையில் செலவானது, நடப்பு ஆண்டுக்குப் போட்ட மதிப்பீடு, அதையே பிறகு திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு என்று தொகைகள் இருக்கும். எல்லாரும் கடைசியில் உள்ளதை மட்டும் பார்த்துவிட்டு "இத்தனை கோடி ஒதுக்கீடு" என்று ஃபார்வர்டு அனுப்புகிறார்கள். நான் முதலில் பார்ப்பது உண்மைச் செலவைத்தான். இந்த ஆண்டு போட்ட மதிப்பீட்டை, இரண்டு வருடம் கழித்து வரும் புத்தகத்தில் உள்ள உண்மைச் செலவோடு வைத்துப் பார்த்தால் சங்கதி விளங்கிவிடும். இன்னொன்று, புத்தகத்தில் தொகைகள் ஆயிரம் ரூபாயில் இருக்கும். ஒரு திட்டத்துக்கு எதிரே வெறும் "1" என்று கண்டால் அது 1 கோடி அல்ல, ஆயிரம் ரூபாய். தலைப்பைத் திறந்து வைத்துக்கொள்ள மட்டும் போட்ட பெயரளவு ஒதுக்கீடு அது.

ஆனால் ஒன்று, உங்கள் ஊர்ப் பாலம் இந்தப் புத்தகத்தில் தனி இனமாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ரயில்வே மேம்பாலங்களை ஒரே தொகையாகச் சேர்த்துப் போட்டிருப்பார்கள். ஊர்ப்பெயர், மானியக் கோரிக்கையோடு துறை வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பில் வரலாம். தொகையைத் திட்டவட்டமாகச் சொல்வது நிர்வாக அனுமதி தரும் அரசாணைதான். அது இருந்தால் பாலம் உண்டு, இல்லாதவரை பேச்சு மட்டுமே.

அரசாணையை வாங்க தகவல் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, நெடுஞ்சாலைத் துறையின் உங்கள் பகுதிக் கோட்டப் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு, பதிவுத் தபாலில். ரயில்வே மேம்பாலங்களைத் துறையின் திட்டங்கள் பிரிவு பார்க்கும். எந்த அலுவலகம் என்று குழப்பமாக இருந்தாலும் பரவாயில்லை, 6(3) பிரிவின்படி அவர்களே ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். மனுவில் "ஏன் தாமதம்?", "யார் பொறுப்பு?" என்று கேட்டுவிடாதீர்கள், "இது தகவல் என்ற வரையறையில் வராது" என்று ஒரே வரியில் கைகழுவிவிடுவார்கள். காகிதத்தைக் கேளுங்கள். இப்படி எழுதலாம்: "மேற்படி ரயில்வே கடவில் மேம்பாலம் அமைப்பது தொடர்பான நிர்வாக அனுமதி அரசாணையின் நகல், விரிவான திட்ட அறிக்கைக்கு அனுமதித்த தொகை, செலவான தொகை, 15(2) அறிவிக்கை வெளியிடப்பட்டிருந்தால் அதன் நகல், நில எடுப்புக்கு விடுவிக்கப்பட்ட தொகை, தேதிவாரியாக, கோப்பை நேரில் பார்வையிட அனுமதி." (15(2) என்னவென்று கடைசியில் சொல்கிறேன்.) காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேலதிகாரியிடம் முதல் மேல்முறையீடு, அதற்கும் சரிவரவில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் பொறுமை வேண்டும், சொல்லிவிட்டேன்.

பக்கத்திலேயே இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் சீண்டுவதில்லை. சட்டசபைக்கு அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. அமைச்சர்கள் அவையில் கொடுத்த உறுதிமொழி என்ன ஆனது என்று துறையைக் கேட்பதுதான் அதன் வேலை. மாவட்டம் மாவட்டமாக ஆய்வுக்கும் போகிறது. அறிவிப்பு நாள், வாசகம், நீங்கள் வாங்கிய தகவல் உரிமைப் பதில் மூன்றையும் சேர்த்து உங்கள் எம்எல்ஏ மூலமாகவோ நேராகவோ அனுப்பிவையுங்கள். எம்எல்ஏ எதிர்க்கட்சிக்காரர் என்றால் சில சமயம் வேலை இன்னும் சுறுசுறுப்பாக நடக்கும்.

மனுவில் 15(2) என்று ஏன் எழுதச் சொன்னேன் என்றால், நான் பார்த்தவரை ரயில்வே மேம்பாலங்கள் படுத்துக்கொள்வது ஃபண்டில் அல்ல, நிலத்தில். தண்டவாளத்துக்கு மேல் வரும் பகுதி ரயில்வே பொறுப்பு, இருபக்கமும் ஏறி இறங்கும் அணுகுசாலை மாநில நெடுஞ்சாலைத் துறை பொறுப்பு. அணுகுசாலை போகும் இடத்தில்தான் கடைகளும் வீடுகளும் இருக்கும். தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-இன் 15(2) பிரிவில் நில உரிமையாளர்களுக்கு அறிவிக்கை கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, அதற்குப் பிறகுதான் 15(1)-இல் நிலத்தை எடுக்க முடியும். நடுவில் யாராவது கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கில் இழுக்கும். இந்த நிலையில் கோப்பு நின்றிருந்தால் டெண்டருக்குப் போயிருக்காது, அந்த ஆண்டு போட்ட பணமும் மார்ச் 31-க்குள் செலவாகாமல் ஒப்படைக்கப்பட்டிருக்கும். கவுண்டரில் "ஃபண்ட் வரலை" என்று அவர்கள் சொல்வது இதைத்தானா என்று பாருங்கள். அப்படித்தான் என்றால் அடுத்த மனுவை நெடுஞ்சாலைத் துறைக்குப் போடாமல், நில எடுப்பைப் பார்க்கும் வருவாய்த்துறை அலுவலகத்துக்குப் போடுங்கள். எத்தனை சர்வே எண்கள், எத்தனை பேருக்கு இழப்பீடு கொடுத்தாயிற்று, எத்தனை வழக்கு நிலுவையில் என்று மூன்றே கேள்வி போதும்.