மனுவில் கொம்பு தனியாக நின்றால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: தங்கச்சிமடத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டரில் உபுண்டு 20.04 இயங்குதளம், ஆவணம் அடிக்க அதோடு வந்த லிப்ரே ஆஃபீஸ். மீனவர்களுக்கு மனு அடித்து பி.டி.எஃப் ஆக்கினால் 'கொ', 'மோ' போன்ற எழுத்துகளில் சில இடங்களில் கொம்பு தனியாக நிற்கிறது. திரையில் சரியாகத்தான் தெரிகிறது. நடுநடுவே சிஸ்டமும் உறைந்துவிடுகிறது. இதைச் செய்தவர்களுக்கு நான் எழுதலாமா? சிஸ்டம் பார்ப்பவர், "கம்பெனியில் கம்ப்ளைன்ட் போட்டுச் சரிசெய்து தருகிறேன்" என்று 1,500 ரூபாய் கேட்கிறார்.

பதில்: அந்த 1,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள், சகோதரி. அவர் சொல்லும் கம்பெனி எது? லிப்ரே ஆஃபீஸை நடத்துவது தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்கிற அறக்கட்டளை. அங்கும் சரி, உபுண்டுவிடமும் சரி, பிழையைப் பதிவு செய்யக் கட்டணமே கிடையாது. ஈமெயில் இருந்தால் கணக்கு தொடங்கி நீங்களே எழுதலாம். இலவசமாக நடக்கும் வேலைக்கெல்லாம் ஒரு புரோக்கர் முளைப்பது நம் பக்கம் புதிதில்லை. ஆனால் இவர்கள் காசோடு விடுவதில்லை. தூரத்திலிருந்து உங்கள் திரையைத் திறக்க அனுமதி கேட்பார்கள், மென்பொருளை இறக்கும் களஞ்சியம் ஒன்றை எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்துவிட்டுப் போவார்கள். அப்படி வெளியிலிருந்து ஏற்றிய பேக்கேஜுக்கு, அதாவது மென்பொருள் பொட்டலத்துக்கு, உபுண்டு பொறுப்பேற்காது. கடைசியில் யாரிடம் முறையிடுவது என்பதே தெரியாமல் போகும்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். எழுதலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். 20.04க்கான வழக்கமான பராமரிப்பு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அதில் இருப்பது லிப்ரே ஆஃபீஸ் 6.4, 2020ஆம் ஆண்டுச் சரக்கு. அதைப் பற்றி எழுதினால் "புதிய பதிப்பில் பார்த்தீர்களா?" என்றுதான் முதல் பதில் வரும். அது கோபத்தில் கேட்பதல்ல. அந்தப் பிழை எப்போதோ சரியாகியிருக்கலாம். மனுக் கோப்புகளை எல்லாம் வேறொரு டிஸ்கில் நகல் எடுத்துக்கொண்டு 22.04க்கும், அங்கிருந்து 24.04க்கும் ஏறுங்கள். நேராக 24.04க்குத் தாவ உபுண்டு விடாது.

ஏறிய பிறகும் கொம்பு தனியாக நின்றால், மூன்று விஷயம் பாருங்கள். அது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பா? அப்படியானால் புகாருக்கே இடமில்லை. அது எல்லா மென்பொருளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டில் இல்லை. யாராவது தட்டச்சு இயந்திரப் பழக்கத்தில் கொம்பை முதலில் அடித்துவிட்டுப் பிறகு எழுத்தை அடித்தார்களா? அப்போது திரையிலேயே தப்பாகத் தெரியும், அதுவும் மென்பொருளின் குற்றமல்ல. உங்களுக்குத் திரையில் சரியாக இருப்பதால், எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதுதான் முக்கியம். லோகித் தமிழில் உடைந்து நோட்டோ சான்ஸ் தமிழில் உடையாமல் இருந்தால், சந்தேகத்தை எழுத்துருவின் பக்கம் திருப்புங்கள்.

எழுத்துருவை மாற்றியும் தீரவில்லையா? தெரிந்தவர் கம்ப்யூட்டரில், விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை, லிப்ரே ஆஃபீஸின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய புதிய பதிப்பில் அதே கோப்பை அதே எழுத்துருவோடு பி.டி.எஃப் ஆக்குங்கள். ஏலத்தில் எடுத்த மீன் நாறினால், வலையிலேயே கெட்டதா, ஐஸ் பெட்டியில் கெட்டதா என்று பார்ப்பதில்லையா, அதுபோலத்தான். அங்கேயும் உடைந்தால் லிப்ரே ஆஃபீஸின் பிழைப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் எழுதுங்கள். அங்கே சரியாக வந்தால், பொட்டலம் கட்டிக் கொடுத்த உபுண்டுவிடம், லாஞ்ச்பேட் தளத்தில் எழுதுங்கள். குழப்பமாக இருந்தாலும் பொட்டலம் கட்டியவரிடமே போங்கள். பொட்டலம் கட்டும் இடத்தில் தவறு நடக்காது என்று நினைத்துவிடாதீர்கள். உபுண்டுவுக்கு அடித்தளமான டெபியன் இயங்குதளத்துக்காரர்கள் 2006இல் ஓபன் எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நிரலில் செய்த ஒரு சின்னத் திருத்தம், அவர்களும் அவர்களைச் சார்ந்த உபுண்டுவும் உருவாக்கிய பாதுகாப்புச் சாவிகளை எளிதில் ஊகிக்கக்கூடியதாக்கிவிட்டது. கண்டுபிடிக்க 2008 மே வரை ஆனது. மூல நிரலை எழுதியவர்களின் வெளியீட்டில் அந்தக் கோளாறே இல்லை.

இந்தச் சோதனைகள் எதுவும் தேவைப்படாத சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நேற்று வரை ஓடியது, அப்டேட் போட்டதும் கெட்டுவிட்டது என்றால், காத்திருக்காமல் அன்றைக்கே உபுண்டுவுக்கு எழுதுங்கள். 24.04 போன்ற நீண்டகாலப் பதிப்புகளில் சில்லறைப் பிழைகளைத் தொடமாட்டார்கள். பாதுகாப்புத் திருத்தமும் பெரிய கோளாறுகளுக்கான திருத்தமும்தான் வரும். அப்படி வந்த திருத்தமே ஒன்றைக் கெடுத்துவிட்டால், அதை அவர்கள் தனி அக்கறையோடு பார்க்கிறார்கள். அன்றைக்கு எந்தப் பேக்கேஜ், எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறியது என்பது பேக்கேஜ்களை ஏற்றும் ஆப்ட் என்ற கருவி வைத்திருக்கும் வரலாற்றுக் கோப்பில் தேதியோடு இருக்கும். அந்த வரிகளை அப்படியே ஒட்டுங்கள். "அப்டேட்டுக்குப் பிறகு" என்ற சொல் தலைப்பிலேயே இருக்கட்டும். திருத்தம் வந்து மாதக்கணக்கில் கழித்து எழுதாதீர்கள்.

சிஸ்டம் உறைவதை இதோடு சேர்க்காதீர்கள். உங்கள் ராமேஸ்வரம் தீவில் உப்புக்காற்று. ராம் அட்டையின் பித்தளை நிறப் பற்களில் அழுக்கும் துருவும் ஏறினாலே நேரம் காலமில்லாமல் நிற்கும். அட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுக்க ஓடவிடுங்கள். நீங்கள் திரும்பச் செய்து காட்ட முடியாத கோளாறைத் தூரத்தில் இருப்பவர் பிடிக்க முடியாது.

எழுதுவதற்குப் பெரிய ஆங்கிலம் வேண்டாம். என்ன செய்தேன், என்ன வரவேண்டும், என்ன வந்தது: மூன்று வரி போதும். டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் சாளரத்தில், 'உபுண்டு-பக்' (ubuntu-bug) கட்டளையைப் பேக்கேஜ் பெயரோடு கொடுத்தால் பதிப்பு விவரங்களை அதுவே திரட்டும். ஆனால் உண்மையான மனுவை இணைக்கவே கூடாது! ஆதார் எண், படகு எண், வங்கிக் கணக்கு எல்லாம் ஊர் உலகமே பார்க்கும் இடத்தில் கிடக்கும். 'கொக்கு, மோர்' என்று ஒரே வரி அடித்த புதுக்கோப்பும், தப்பான எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்ட படமும் போதும். தமிழ் படிக்கத் தெரியாதவர்தான் அநேகமாக அதைத் திறப்பார்; வட்டம் இல்லாவிட்டால் தவறு எங்கே என்றே அவருக்குத் தெரியாது.

பிறகு பொறுமை வேண்டும். எனக்கே அது குறைவு. நல்ல புகார்கள் ஆண்டுக்கணக்கில் தூங்குகின்றன. அவர்கள் ஏதாவது கேட்டு, 'விவரம் போதவில்லை' என்று குறித்துவிட்டு, நீங்கள் 60 நாள் பேசாமல் இருந்தால் லாஞ்ச்பேட் தானாகவே புகாரைக் காலாவதியாக்கிவிடும். அவர்கள் எத்தனை நாள் பேசாமல் இருந்தாலும் கேட்க ஆளில்லை! மீன்பிடித் தடைக்காலமே 61 நாள். அந்த நேரத்தில் எழுதினால் கடை அடைத்திருந்தாலும் ஈமெயிலைத் திறந்து பாருங்கள்.

அதுவரை, எந்த எழுத்துருவில் உடையவில்லையோ அதிலேயே மனுவை அடியுங்கள். பி.டி.எஃப் ஆனதும் பெயரையும் ஊரையும் மட்டுமாவது அச்செடுத்து வாடிக்கையாளரிடம் படிக்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.