மழையில் கல்வட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஸ்காட்லாந்தில் அபர்டீனில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அம்மாவை ஒரு சனிக்கிழமை காசில் ஃப்ரேசர் கோட்டைக்கும், இன்வரூரி ஊர்ப் பக்கத்தில் பழங்காலத்தில் கற்களை வட்டமாக நட்டுவைத்த ஈஸ்டர் அகோர்திஸ் கல்வட்டத்துக்கும் கூட்டிப்போனேன். நாள் முழுக்கத் தூறல். கோட்டை எல்லோருக்கும் பிடித்தது. கல்வட்டத்தில் அப்பா, "வயல்ல பத்துப் பன்னிரண்டு கல்லு நிக்குது, இதுக்கா நனைஞ்சுக்கிட்டு வந்தோம்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்?

எஸ்., அபர்டீன்

அன்புள்ள எஸ்.,

அப்பா கேட்டது நியாயம்தான். காசில் ஃப்ரேசருக்கு விளக்கம் தேவையில்லை. 1575இல் தொடங்கி 1636இல் கட்டி முடித்த வீடு. கூடத்தில் விருந்தாளிகள் பேசுவதை ஒட்டுக்கேட்கச் சுவருக்குள் ஒரு ரகசிய அறைகூட உண்டு. அந்தப் புத்தி நமக்கு நன்றாகவே புரியும்!

கல்வட்டம் அப்படியில்லை. நிற்கிற கற்களை விட்டுவிட்டு, தெற்குப் பக்கம் இரண்டு உயரமான கற்களுக்கு நடுவே படுத்திருக்கும் பெரிய கல்லை அப்பாவுக்குக் காட்டியிருப்பேன். அது விழுந்த கல் இல்லை, கிடத்திய கல். ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வட்டங்களை இப்படித்தான் அமைத்தார்கள். உள்ளே நின்று அந்தக் கல்லுக்கு மேலே வானத்தைப் பார்க்க வேண்டும். 18.6 ஆண்டுக்கு ஒருமுறை அங்கே கோடைப் பௌர்ணமி நிலா மேலே ஏறாமல் தொடுவானத்தை ஒட்டியே நகரும். அதைப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. தூறலில் நிலாவுக்கு எங்கே போவது, சரிதான். ஆனால் நனைந்தால் நிறம் இன்னும் நன்றாகத் தெரியும். படுத்த கல் செம்மை கலந்த கிரானைட், பக்கத்துக் கற்கள் இரண்டும் சாம்பல் நிறம், வட்டத்தில் ஒரு கல் ஜாஸ்பர் என்ற சிவப்புக் கல் வகை. காய்ந்த நாளில் மேலே படர்ந்த பாசியால் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

கல்லைப் பார்த்து வயது சொல்வதும் லேசில்லை. 2018 கடைசியில் உங்கள் ஊரைச் சுற்றியுள்ள அபர்டீன்ஷயர் பகுதியில் ஒரு பண்ணையில் புதிதாய் ஒரு பழங்கால வட்டம் கிடைத்ததாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே பண்ணையின் பழைய உரிமையாளர், 1990களில் நான்தான் அதைக் கட்டினேன் என்று சொல்லிவிட்டார். நிபுணர்களுக்கே அந்தக் கதி.

அடுத்த முறை மிட்மார் என்ற இடத்தில் உள்ள கல்வட்டத்துக்குக் கூட்டிப்போங்கள். காசில் ஃப்ரேசரிலிருந்து காரில் கொஞ்ச தூரம்தான். 1787இல் கட்டிய தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே வட்டம் இருக்கிறது. படுத்த கல் மட்டும் 20 டன் இருக்கும் என்கிறார்கள். இரு பக்கமும் கோரைப்பல் மாதிரி இரண்டு கற்கள். சுற்றிலும் பெயர் பொறித்த கல்லறைகள். மழை வலுத்தால் முதலில் கோட்டை, விட்டதும் மிட்மார். புல்தரை சொதசொதவென்று இருக்கும், அப்பாவுக்கு நல்ல பூட்ஸ் வாங்கிக்கொடுங்கள்.