மன்னிப்புக் கடிதம் யாருக்கு?

வணக்கம் ஐயா,

அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். சென்ற மாதம் ஒரு பையன் உடன் படிப்பவனின் படத்தைக் கேலி ஸ்டிக்கராக்கி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். தலைமை ஆசிரியர் அவனிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கினார், பெற்றோரை வரவழைத்தார், காலைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலையிலும் அந்தப் பையனின் காலில் விழவைத்தார். பிறகு இருவரையும் கைகுலுக்கச் சொன்னோம். மறுவாரமே அதே ஸ்டிக்கர் இன்னொரு குழுவில் வந்தது. மனதார மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர முடியுமா, இல்லை அது வீட்டிலேயே வர வேண்டிய குணமா? பாதிக்கப்பட்டவன் இப்போது இவனோடு பேசவே மறுக்கிறான். அவனை என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

சொல்லித்தர முடியும். ஆனால் நம் பள்ளிகள் இன்று சொல்லித்தருவது, மாட்டிக்கொண்டால் எப்படித் தப்பிப்பது என்பதைத்தான். அந்த மன்னிப்புக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அனுப்புநர், பெறுநர், உயர்திரு தலைமை ஆசிரியர் அவர்கள், 'இனிமேல் இதுபோல் செய்ய மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்', கீழே அப்பாவின் கையெழுத்து. விடுப்பு விண்ணப்பத்தின் அதே வடிவம். என்ன செய்தான் என்பது பெரும்பாலும் அதில் இருக்காது. யாருக்குச் செய்தான் என்பது இருக்கவே இருக்காது. அவமானப்பட்டவன் ஒரு பையன். கடிதம் போனது அலுவலகக் கோப்புக்கு.

காந்தி பதினைந்து வயதில், அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்தார். மனம் உறுத்த, நோயில் படுத்திருந்த தந்தையிடம் தானே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தார். செய்த திருட்டை அதில் ஒப்புக்கொண்டிருந்தார். தகுந்த தண்டனை தரும்படியும், தன் குற்றத்துக்காக அப்பா தன்னையே வருத்திக்கொள்ள வேண்டாம் என்றும் கேட்டிருந்தார். இனித் திருடுவதில்லை என்று உறுதியும் கொடுத்திருந்தார். தந்தை எழுந்து உட்கார்ந்து படித்தார், அழுதார், தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார். பின்னாளில் இதை எழுதும்போது, ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உடையவரிடம் அது சொல்லப்பட வேண்டும் என்கிறார் காந்தி. உங்கள் பள்ளியில் அந்த உரிமை படத்துக்கு உரியவனுடையது. தலைமை ஆசிரியர் அதற்குச் சாட்சியாக இருக்கலாம், அவ்வளவுதான்.

காந்தியை அந்தக் கடிதத்தை எழுதும்படி யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் கோபம் தணியும் முன் பிள்ளையிடமிருந்து எதையும் வாங்காதீர்கள் என்கிறேன். ஒரு நாள் போகட்டும். பிறகு தனியே கூப்பிட்டு, என்ன செய்தாய் என்று மட்டும் கேளுங்கள். 'எல்லாரும்தான் டீச்சர்', 'சும்மா விளையாட்டுக்கு', 'அவன்தான் முதல்ல' என்று வரும். வரட்டும், மறிக்க வேண்டாம். திரும்பவும் அதே கேள்வியைக் கேளுங்கள். 'நான் அவன் படத்தை எடுத்து இப்படிச் செய்தேன்' என்று அவன் வாயால் வர நேரமாகும். அது வந்த பிறகுதான் அடுத்த கேள்வி: மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது அவனுக்கு எப்படி இருந்திருக்கும்? இதற்கு நீங்கள் பதில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எடுத்துக் கொடுத்தால் அதையே ஒப்பித்துவிட்டுப் போய்விடுவான்.

சொல்லோடு ஒரு செயலும் வேண்டும். ஸ்டிக்கர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறதோ அங்கெல்லாம் அவனே எழுதட்டும்: 'இதைச் செய்தவன் நான், செய்தது தப்பு, எல்லாரும் அழித்துவிடுங்கள்.' உங்கள் பள்ளியில் விட்டுப்போனது இதுதான் என்று நினைக்கிறேன். காலில் விழுந்தான், கைகுலுக்கினான். ஸ்டிக்கர் மட்டும் அப்படியே இருந்தது.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். 1914இல் கோமகட்டா மாரு கப்பலில் வந்த, பெரும்பாலும் சீக்கியர்களான 376 இந்தியர்களில் பெரும்பாலானவர்களைக் கனடா இரண்டு மாதம் துறைமுகத்திலேயே தடுத்து வைத்துத் திருப்பி அனுப்பியது. 2008இல் பிரதமர் ஹார்ப்பர் சர்ரே நகரப் பூங்கா ஒன்றில் நடந்த விழாவில் அதற்கு மன்னிப்புக் கேட்டார். அங்கிருந்த சீக்கியர்கள் பலர் அதை ஏற்கவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். 2016 மே மாதம் அடுத்த பிரதமர் ட்ரூடோ அந்த அவையில் எழுந்து கேட்டார். தவறு நடந்த இடத்துக்கு ஏற்ற இடம் வேண்டும். வகுப்புக் குழுவில் நடந்ததற்கு வகுப்புக் குழு போதும். காலைக் கூட்டத்துக்குக் கொண்டுபோனதால், அதுவரை ஸ்டிக்கரைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் விஷயம் தெரிந்துபோனது. அவமானப்பட்டவனுக்கு அது இரண்டாவது அவமானம். காலில் விழவைத்ததோ இவனுக்கும் அவமானம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. உங்கள் தலைமை ஆசிரியரிடம் இதை நீங்கள் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பாலியல் சீண்டல் என்றால் அதை மன்னிப்போடு முடித்துவைக்கப் பள்ளிக்கு அதிகாரமே இல்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098இல் உதவி கேட்கலாம். அந்த ஸ்டிக்கரில் ஆபாசம் ஏதும் இருந்ததா என்று தயவுசெய்து ஒரு முறை பாருங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதையும் 'கைகுலுக்குங்கடா' என்று மூடிவிடக் கூடாது.

கடைசியாக, பேச மறுக்கும் அந்தப் பையன். அவனைச் சமாதானப்படுத்த வேண்டாம். இவன் மன்னிப்புக் கேட்பது இவன் கடமை. மன்னிப்பதும் மன்னிக்காமல் இருப்பதும் அவன் விருப்பம். மன்னித்துத்தான் ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், இவன் செய்த தப்புக்கு அவனை வேலை வாங்குகிறோம். 'நீ பேச வேண்டியதில்லை, கைகொடுக்க வேண்டியதுமில்லை' என்று வகுப்பாசிரியராக நீங்களே அவனிடம் சொல்லுங்கள். இருவரையும் கொஞ்ச நாள் வேறு வேறு பெஞ்சில் உட்காரவையுங்கள். கூட்டத்தில் அவனை நிறுத்தியதற்காகப் பள்ளியின் சார்பில் நீங்களும் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். என்ன செய்தோம் என்பதைச் சொல்லி, காரணம் எதுவும் சேர்க்காமல்.