சொன்ன விதம்

வணக்கம்.

நான் தயாரித்த அறிக்கையை என் மேலாளர் கூட்டத்தில் தன்னுடையது என்று காட்டினார். அட்டவணையில் நான் விட்டிருந்த எழுத்துப்பிழைகூட அப்படியே திரையில் இருந்தது. "இது நான் செய்தது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். குரல் உயர்ந்துவிட்டது. இப்போது திமிர் பிடித்தவள் என்கிறார்கள். மன்னிப்புக் கேட்கலாமா, வேலையை மாற்றலாமா? மன்னிப்புக் கடிதத்தின் வரைவை இணைத்துள்ளேன்.

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். நீக்கியதெல்லாம் உங்கள் குரலைப் பற்றி நீங்களே அடுக்கிய புகார்கள். உங்கள் உழைப்பை எடுத்துக்கொண்டவரைப் பற்றி ஒரு புகாரும் இல்லை. படித்ததும் கோபம் வந்தது, உங்கள்மேல்தான். அவ்வளவு பேருக்கு நடுவே எழுந்து பேசிய பெண், வீட்டுக்கு வந்து தன்னையே ஏன் இப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொள்கிறாள்?

வேலையை மாற்றுவது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. நான் சொல்ல ஒன்றுமில்லை. திமிர் என்கிற பேச்சையும் விடுங்கள்.

"விஷயம் சரிதான், சொன்ன விதம்தான் சரியில்லை" என்று அங்கே சிலர் சொல்லியிருப்பார்கள். என்னால் தாங்க முடியாதது அதுதான். விதத்தைப் பேச ஆரம்பித்ததும் விஷயம் காணாமல் போய்விடுகிறது. அறிக்கை யாருடையது என்று இதுவரை ஒருவராவது விசாரித்தாரா?

சில நாட்களாக கிளாடெட் கோல்வின் என்ற கறுப்பினப் பெண்ணின் நினைவாகவே இருக்கிறேன். அமெரிக்காவின் மான்ட்கமரி நகரப் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட அவர் மறுத்தது 1955 மார்ச் 2 அன்று. வயது 15. போலீஸ் இழுத்து இறக்கி விலங்கு மாட்டியது. அதே ஊரில் இன்னொரு கறுப்பினப் பெண், ரோசா பார்க்ஸ், அப்படியே மறுத்தது ஒன்பது மாதம் கழித்து, டிசம்பர் 1 அன்று. ஊர் திரண்டது பார்க்ஸுக்காகத்தான். கோல்வினை முன்னிறுத்த அவர் பக்கத்துத் தலைவர்களே தயங்கினார்கள். சின்னப் பெண், படபடவென்று பேசுகிறவள், அப்புறம் திருமணமாகாமல் கருவுற்றவள் என்று காரணங்கள். போராட்டம் தோற்றுவிடக் கூடாதே என்ற அவர்கள் கவலை புரிகிறது. ஆனாலும் என் மனம் ஆறவில்லை. அந்தப் பெண் எவ்வளவு மெதுவாக மறுத்திருந்தால் சரியாக இருந்திருக்கும்?

பேருந்துப் பாகுபாடு செல்லாது என்று 1956இல் தீர்ப்பு வந்த வழக்கில் மனுதாரர்கள் நான்கு பேர். அதில் கோல்வினும் ஒருவர், நீதிமன்றத்தில் சாட்சியும் சொன்னார். போலீஸைத் தாக்கினார் என்ற பழைய பதிவு நீக்கப்பட்டது 2021இல். அப்போது அவருக்கு வயது 82.

சரி, உங்கள் வரைவு. படித்தேன், திருத்தித் தரமாட்டேன். அறிக்கையை நீங்கள் முதலில் அனுப்பிய மின்னஞ்சல் தேதியோடு இருக்கும். அதைத் தேடியெடுத்து மேலாளருக்கும் மேலே இருப்பவருக்கு அனுப்புங்கள். இன்றே அனுப்புங்கள். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.